அணைக்கட்டு இடிந்து விழும் என்று ஒரு வரி எழுதித் தரவும்

மூன்றாம் மாடி, கடைசி வீடு
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும், அடுத்த கடிதத்தில் திருத்திக்கொள்கிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நலம் என்று சொல்லும்போது உங்கள் அக்காவின் முழங்கால்கள் இரண்டையும் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்குப் போன மாதம் வரை ரத்த அழுத்தம் கிடையாது. இப்போது இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கடிதம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும். விழுந்தால் என்ன ஆகும் என்று அவளோடு கூடப்பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கட்டடங்களின் உறுதியைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் இன்ஜினியர். எங்கள் கட்டடம் எந்த நேரமும் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று உங்கள் லெட்டர்பேடில் ஒரே ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நிஜமாகவே விழுமா என்று கேட்காதீர்கள். விழாது. பிரச்சினையே அதுதான்.

எங்கள் கட்டடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை வந்தீர்கள், வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டு, "அத்தான், வீடு எங்க இருக்கு? இது ஏதோ குடோன் மாதிரில்ல தெரியுது" என்றீர்கள். நான் அன்றைக்கு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மூன்று மாடி, இருபத்துநான்கு வீடு, பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது, பேருக்கு ஒரு பூவோ கொடியோ கிடையாது. கான்கிரீட்டை ஊற்றினார்கள், பலகையைப் பிரித்தார்கள், சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலை எப்போது முடியும் என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். முடிந்துவிட்டது, இதுதான் ஸ்டைல் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. வெயில் காலத்தில் சுவரில் அப்பளம் காயவைக்க வேண்டாம், பொரித்தே எடுத்துவிடலாம். மழை பெய்தால் சன்னலுக்குச் சன்னல் கறுப்புக் கோடு இறங்கி, கட்டடமே நன்றாக அழுதுவிட்டு முகம் துடைக்காமல் நிற்கிறது. ஊரில் யாரும் இதன் சரியான பெயரைச் சொல்வதில்லை. 'அணைக்கட்டு' என்றுதான் பெயர். பஸ் கண்டக்டரே "அணைக்கட்டு எல்லாம் எறங்கு" என்று கத்துகிறார். எல்லாம் என்று அவர் சொல்வது எங்களை.

இதில் லிஃப்ட் இல்லை. தெருவிலிருந்து எங்கள் வாசலுக்கு அறுபத்து மூன்று படி. எண்ணியது நான், ஆகவே சந்தேகம் வேண்டாம். உங்கள் அக்கா கடைசியாக அந்தப் படிகளில் இறங்கி ஒன்பது மாதமாகிறது. "சமதரையில எவ்வளவு வேணாலும் நடங்க, படி மட்டும் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சமதரை என்பது எங்கள் பால்கனிதான். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பதினான்கு அடி. கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே விட்டுக் காய்கறி வாங்குகிறாள். தெருவில் போகிறவர்களை உச்சந்தலையை வைத்தே அடையாளம் சொல்கிறாள். "காய்கறிக்காரருக்கு வழுக்கை இன்னும் கொஞ்சம் பெரிசாயிடுச்சு பாத்தீங்களா" என்று நேற்றுச் சொன்னாள். அந்த மனிதரின் முகம் மறந்துவிட்டதாம். மகள் ஒரு ஜோடி மெத்துச் செருப்பு வாங்கி அனுப்பினாள். ஒன்பது மாதமாக அது வாசலில் இருக்கிறது. நேற்று தூசி தட்டும்போது திருப்பிப் பார்த்தேன், அடியில் ஒரு மண் துகள் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், "நான் என்ன பீரோவா?" என்கிறாள். மைத்துனரே, நான் அதிகம் அழுகிறவன் இல்லை. ஆனால் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பில்டர் வந்தார். அணைக்கட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புதுக் கட்டடம், ஆளுக்கொரு வீடு, ஒன்றுக்கு இரண்டு லிஃப்ட் என்றார். இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டோம். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதிக்குக்கூட ஒத்துப்போகாத கூட்டம் இது; சங்கச் செயலாளராக இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஓர் ஒற்றுமையை நான் கண்டதில்லை. உங்கள் அக்கா மட்டும் கையெழுத்துப் போடும்போது, "இடிச்சாத்தான் எறங்க முடியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போட்டாள்.

மறுவாரம் வாசலில் ஒரு நோட்டீஸ். எங்கள் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துப் பாதுகாக்க உத்தேசமாம். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டுமாம். முதலில் ஏதோ அரண்மனைக்குப் போக வேண்டிய நோட்டீஸ் வழிதவறி இங்கே வந்துவிட்டது என்றே நினைத்தேன். பாரம்பரியம் என்றால் ராஜா இருந்த இடம், ராணி குளித்த இடம். இந்தக் கட்டடம் என்னைவிட இருபத்தெட்டு வயது இளையது! எனக்கு பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க ஆளில்லை, இதற்குப் பாதுகாப்பாம். நோட்டீஸ் ஒட்டிய பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே ஓர் ஆர்க்கிடெக்ட் பெண், நம் மகள் வயதுதான் இருக்கும், மரியாதையாக உட்காரவைத்து விளக்கினாள். "ஐயா, நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டினதையும் அப்ப ஜனங்க அசிங்கம்னுதான் சொன்னாங்க. இடிச்சுத் தள்ளினாங்க. இப்ப போட்டோவ வச்சிக்கிட்டு அழறாங்க" என்றாள். "அழறவங்க யாராவது அதுல குடியிருந்தாங்களாம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு ஆட்சேபப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண்தான். அன்றைக்கு அவளிடம் கோபப்பட முடியாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

இங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். நான் முப்பத்தோரு வருடம் இருப்புச் சரிபார்ப்பு அதிகாரியாக வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகளை எண்ணாமல் நாற்காலியில் உட்காரமாட்டேன். உங்கள் கல்யாண மண்டபத்தில் ஒரு டம்ளர் குறைகிறது என்று கண்டுபிடித்தது யார்? அப்படிப்பட்டவன் கையில் 'கட்டடத்தில் தாங்கள் காணும் குறைகளைத் தெரிவிக்கவும்' என்று ஒரு படிவத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மற்ற வீட்டுக்காரர்கள் 'ஒழுகுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு பதினோரு நாள் கட்டடத்தை மேலும் கீழும் அளந்தேன். வரிசை எண், பொருள், இருக்குமிடம், அளவு, தற்போதைய நிலை என்று ஐந்து கட்டம் போட்டு, நூற்று நாற்பத்து மூன்று குறைகளை முப்பத்தெட்டுப் பக்கத்தில் பட்டியல் போட்டேன். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒவ்வொரு முறையும் என் முழங்கையைப் பதம்பார்க்கும் கான்கிரீட் மூலை, அதன் கூர்மை. படுக்கையறைச் சுவரில் பலகைத் தடம் விழுந்து, ஒரு காது இல்லாத நாய் படுத்திருப்பதுபோல் தெரியும் இடம், தரையிலிருந்து அதன் உயரம். எங்கள் சமையலறைக் கூரையின் ஒழுகல், மழை நாளில் நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டு. ஒவ்வொரு மாடியிலும் பின்பக்கம் இருக்கும் நீளக் குடோன்களில் தரை கோணல், பீரோவை உள்கோடியில் வைத்தால் ஆறு மாதத்தில் கதவருகே வந்து நிற்கும். அந்தக் குடோன்களே என் ஏற்பாடுதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் செயலாளரான புதிதில் கட்டடத்தின் முதுகில் ஒன்றுக்கும் உதவாத ஒரு நடை சும்மா கிடந்தது. அதைச் செங்கல் வைத்துத் தடுத்து, கதவு போட்டு, மாடிக்கொரு குடோனாக ஆக்கிப் பூட்டினேன். இருபத்தாறு வருடச் சேவையில் நான் மார்தட்டிக்கொள்ளக்கூடிய ஒரே சாதனை அது. கட்டினவர் தரையை நேராகப் போட்டிருந்தால் இன்னும் எவ்வளவு சாமான் வைத்திருக்கலாம்! பட்டியலை பைண்டு செய்து, மூன்று பிரதி எடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

குழுவிடமிருந்து பதில் வந்தது. ஒரு கட்டடத்தைக் குடியிருப்பவரே இவ்வளவு நுணுக்கமாக ஆவணப்படுத்தியது தங்கள் அனுபவத்தில் இதுவே முதல் முறை என்றும், அதற்கு மனமார்ந்த நன்றி என்றும், தாங்களே அளந்திருந்தால் ஒரு வருடம் ஆகியிருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். அதோடு விட்டார்களா? முடிவு தெரியும்வரை கட்டடத்தில் எந்த அம்சத்தையும் அனுமதியின்றி மாற்றக்கூடாது, எவை அம்சங்கள் என்பதற்கு 'இணைப்பு ஒன்று' பார்க்கவும் என்று ஒரு தற்காலிகத் தடை. இணைப்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். என் முப்பத்தெட்டுப் பக்கம்! வரிசை எண் மாறாமல், ஐந்து கட்டமும் அப்படியே. நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டும் அதில் இருக்கிறது.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம்தான். சமையலறை ஒழுகலை அடைக்க பிளம்பரை வரச்சொன்னேன். அவர் ஏணியில் ஏறி, கூரையைத் தொடப்போய், கையை எடுத்துக்கொண்டார். "சார், இது லிஸ்ட்ல இருக்குதே."

"என் வீட்டு ஒழுகல்யா அது. லிஸ்ட் போட்டதே நான்தான்."

"அதான் சார் சொல்றேன். நீங்களே எழுதிக் குடுத்துட்டு நீங்களே அடைச்சா, நாளைக்கு என்னல்ல புடிப்பாங்க? இருபத்தெட்டாம் நம்பர் குழாய் வேணா மாத்தித் தரவா? அது மட்டும் லிஸ்ட்ல இல்ல."

இல்லை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தெட்டாம் வீட்டுக் குழாய் என்று ஒன்று கிடையாது, இருப்பதே இருபத்துநான்கு வீடு. அது தெருக்கோடி வீட்டுக் குழாய் என்றும் அவர் இரண்டு கட்டடத்துக் குறிப்பையும் ஒரே நோட்டில் எழுதுகிறார் என்றும் பிறகு தெரிந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடம் ஒரு குழாயைப் பட்டியலில் விட்டுவிட்டேனோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டதை யாரிடம் சொல்வது? இப்போது மழை பெய்தால் உங்கள் அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டு, "பதினெட்டு வருதான்னு எண்ணுங்க. கொறஞ்சா உங்களத்தான் கேப்பாங்க" என்கிறாள்.

அடுத்து விசாரணைக் கூட்டம். கீழ்த்தளப் பொது அறையில் வைத்தார்கள். உங்கள் அக்கா வர முடியாததால், என்ன நடந்தது என்பதை ஒன்றுவிடாமல் வந்து சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. நான் நாலு நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தேன். எழுந்து நின்று வெளுத்து வாங்கினேன். "ஐயா, நாப்பது வருஷமா காலைல கண்ண முழிச்சா எனக்கு முன்னாடி அந்த ஒத்தக் காது நாய்தான். வெயில் ஏற ஏற அதோட நிழல் மாறி, எட்டு மணிக்கு அது எழுந்து நிக்கும். மழை வந்தா நனைஞ்ச நாய். அந்தச் சுவத்தப் பாத்தே நான் மணி சொல்லுவேன். பக்கத்து வீட்டுல கல்யாணமே நடந்தாலும் இந்தச் சுவர் தாண்டி ஒரு சத்தம் வராது, சண்டைய ஒட்டுக் கேக்கக்கூட வழியில்ல. ஒரு ஆணி அடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஏழு ஆணி வளைஞ்சு எட்டாவதுதான் எறங்குச்சு. இன்னிக்கும் அந்த ஆணியிலதான் எங்க கல்யாண போட்டோ தொங்குது, ஒரு நூல் அசையல" என்று கொட்டித் தீர்த்துவிட்டுப் பார்த்தால், பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு கட்டடத்து மேல இவ்வளவு பாசம் வச்சிப் பேசி நான் கேட்டதே இல்ல" என்றார்.

"ஐயா, நான் திட்டினேன்" என்றேன்.

"தெரியுது. வீட்டு மனுஷங்களத்தானே அப்படித் திட்டுவோம்" என்றார். கைதட்டினார்கள், மைத்துனரே! என் பக்கத்தில் இருந்த பில்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். மேலே வந்து எல்லாவற்றையும் உங்கள் அக்காவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம், "அந்த நாய நானும் பாத்திருக்கேன். அதுக்கு ரெண்டு காது. நீங்க படுக்கற பக்கத்துலேருந்து ஒண்ணுதான் தெரியும்" என்றாள்.

கடைசி முயற்சியாக பில்டர் ஓர் ஆளை அனுப்பினார். கான்கிரீட் உளுத்துப்போயிருக்கிறது என்று காட்ட மொட்டை மாடியில் ஒரு துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும், அதற்கு மட்டும் குழுவிடம் அனுமதி வாங்கியிருந்தோம். காலையில் ஆரம்பித்தார். துளைபோடும் மெஷினின் முதல் பிட் உடைந்தது. இரண்டாவது பிட் உடைந்தது. மத்தியானம் மூன்றாவதும் போனதும் அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார். "யாரு சார் போட்டாங்க இத? இப்பல்லாம் இப்படி யாரு சார் போடறா?" என்று கேட்டார். எனக்கு ஒரு விநாடி பெருமையாக இருந்தது. உடனே என்னை நானே கடிந்துகொண்டேன். எடுக்க முடிந்த ஓர் எலுமிச்சை அளவுத் துண்டைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினோம். வந்த அறிக்கையை பில்டர் என்னிடம் காட்டவே இல்லை. அதிலிருந்தே புரிந்துகொண்டேன்.

ஆக, எல்லா வழியும் அடைத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது உங்கள் ஒரு வரிதான். விழும் நிலையில் உள்ள கட்டடத்தை யாரும் பாதுகாக்கமாட்டார்கள் என்று பில்டர் சொல்கிறார். உங்கள் நேர்மை எனக்குத் தெரியும். சொந்த மாமனார் வீட்டுச் சுற்றுச்சுவருக்கே சான்றிதழ் தர மறுத்தவர் நீங்கள். இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் எனக்கு வேறு யாரிடமும் கேட்கத் தெரியவில்லை. அழகு, அசிங்கம், பாரம்பரியம் எல்லாம் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். பலகைத் தடத்தைப் பார்த்து அவர்கள் ஆனந்தப்படட்டும். என் பெண்டாட்டி தெருவுக்கு இறங்க வேண்டும். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு முழுத் தெரு நடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு இந்த மலை குறுக்கே நிற்குமானால் இதை இடித்தே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல பெயர் எடுத்து, பூச்சு பூசிய வீடுகளில் நீடூழி வாழ என் மனப்பூர்வமான ஆசிகள். பதிலை என் பெயருக்குத் தனியாக அனுப்பவும். மேலே 'சொந்த விஷயம்' என்று எழுத வேண்டாம், அப்படி எழுதினால் உங்கள் அக்கா முதலில் பிரிப்பாள்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிப் பன்னிரண்டு நாளாகிறது. சான்றிதழ் வேண்டாம். இதற்குள் நீங்களாகவே எதையாவது ஊகித்து எழுதி வைத்திருந்தால் கிழித்துப்போடவும்.

நடந்தது இதுதான். அன்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் போடக் கிளம்பினேன். வாசலில் அந்த ஆர்க்கிடெக்ட் பெண் நிற்கிறாள், கையில் என் பட்டியல். நூற்று நாற்பத்து மூன்றையும் நேரில் பார்த்துச் சரிபார்க்க வந்திருக்கிறாள். சரிபார்ப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. சட்டையை மாற்றிக்கொண்டு கூடவே போனேன். நாயைப் பார்த்தாள். சொட்டை எண்ணினாள். எண்பத்தேழாவது வந்தது, குடோன் தரை கோணல். மூன்றாம் மாடிக் குடோனைத் திறந்துவிட்டேன். பழைய பெஞ்சு, உடைந்த ஏணி, இருபத்தாறு வருடச் சங்கக் கோப்புகள். அவள் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துத் தரையில் வைத்தாள். அது உருண்டு, பெஞ்சுக்கு அடியில் புகுந்து, நான் கட்டின தடுப்புச் சுவரில் போய் முட்டியது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன ஐயா?"

"ரெண்டாம் மாடிக் குடோன்."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"ஒண்ணாம் மாடிக் குடோன். அதுக்குக் கீழ பம்ப் ரூம். எனக்கு முன்னாடி இருந்த செயலாளர் கட்டினது."

அவள் ஒரு பழைய வரைபடத்தைப் பிரித்துப் பெஞ்சின்மேல் விரித்தாள். கட்டடத்தின் முதுகில் மேலிருந்து கீழேவரை ஒரு பாதை, படியே இல்லாமல், மாடிக்கு மாடி மெதுவாகத் திரும்பித் திரும்பித் தெருவுக்கு இறங்குகிறது. வயதானவர்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் என்று ஓரத்தில் கையால் எழுதியிருக்கிறது. "தரை கோணல் இல்ல ஐயா. இதுதான் வழி. இதத்தான் ரெண்டு மாசமா தேடிக்கிட்டிருக்கோம், கட்டாமலே விட்டுட்டாங்களோன்னு நெனச்சோம்" என்றாள். நான் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தேன். அந்தக் குடோன் சாவிகள் மூன்றும் இருபத்தாறு வருடமாக என் இடுப்பில்தான் இருக்கின்றன. உங்கள் அக்கா பால்கனியில் பதினான்கு அடி நடந்துகொண்டிருந்த ஒன்பது மாதமும் அங்கேதான் இருந்தன. நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிற்பாடு சேர்த்தவற்றை எடுப்பதற்குத் தடை இல்லையாம்; எடுத்தால் சந்தோஷமாம். நான் கட்டின சுவர்கள் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தில் விழுந்தன. கட்டடம் மூன்று பிட்டைத் தின்றது, என் சாதனைக்கு ஒரு சுத்தியல் போதுமானதாக இருந்தது. பம்ப் அறையில் மட்டும் மோட்டாரை ஒட்டிக் கொஞ்சம் ஒருக்களித்துப் போக வேண்டும், அதையும் நகர்த்திவிடுவார்கள்.

இந்தக் கடிதம் எப்படி உங்களுக்கு வருகிறது என்று கேட்பீர்கள். கழற்றிப்போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையைத் துழாவினாள். முழுவதும் படித்துவிட்டாள். நான் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டேன். "எழுதினத எழுதினபடியே அனுப்புங்க. பொய் சர்டிபிகேட் கேட்ட லட்சணம் என் தம்பிக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் பற்றி வந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

இருபத்துநான்கு பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், இந்தமுறை இடிக்க வேண்டாம் என்று. இதுவரை பத்தொன்பது. கட்டடம் அழகு என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். அசிங்கம்தான், பாரம்பரியச் சின்னம் என்று வைக்கும் பலகையில் அப்படியே எழுதி மாட்டட்டும். ஆனால் பில்டர் இப்போது, கட்டடம் விழப்போகிறது என்று வேறோர் இன்ஜினியரிடம் எழுதி வாங்கப் பார்க்கிறாராம். ஆகவே உங்களால் ஓர் உதவி வேண்டும். இந்தக் கட்டடம் இன்னும் நூறு வருடம் ஆனாலும் விழாது என்று உங்கள் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பவும். இந்தமுறை உங்கள் மனசாட்சிக்கும் வசதி, உண்மையை எழுதினால் போதும்.

நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடப்போவது உங்கள் அக்கா. மெத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம் எழுதுவீங்க?" என்று வாசலில் நிற்கிறாள். போகிற வழியில் காய்கறிக்காரரிடம் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்க வேண்டுமாம், ஒன்பது மாதமாகக் கூடையில் முற்றல் வெண்டைக்காய் அனுப்பியதற்கு. கூட வரட்டுமா என்றேன். வேண்டாமாம். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் உச்சந்தலை மேலிருந்து எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை.